டைம்கீப்பர் பார்த்த அருங்காட்சியகம்

அருங்காட்சியகத்தின் வாசற்படியிலேயே டைம்கீப்பர் கணக்கைச் சொல்லிவிட்டார்.

"கீழ அரை மணி நேரம். மாடிக்குப் போக வேண்டியதில்லை. அப்புறம் பாத்ரூம் போறவங்க போயிட்டு வந்தா பஸ்ஸுக்குச் சரியா இருக்கும்."

அவர் மனைவி மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தாள். கூட வந்திருந்த அவளுடைய தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை.

"மாமா, உள்ள இருக்கிறதெல்லாம் ஆயிரம் வருஷமா நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குடுத்தா என்ன?"

"அது நிக்கும். பஸ் நிக்குமா?"

"இது டூர் பஸ். ஆள் ஏறாம எடுக்க மாட்டாங்க."

"இப்படிப் பேசுற ஆளுங்களாலதான் நாடு உருப்படாம இருக்கு" என்று சொல்லிவிட்டு டைம்கீப்பர் படியேறினார். நாட்டுக்கு வந்த எல்லாக் கேடும் எங்கேயோ யாரோ தாமதமாக வந்ததால் வந்தது என்பது அவருடைய முடிந்த முடிவு. இதற்கு மேல் அவர் எதையும் யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்கத் தேவையும் ஏற்படவில்லை.

முப்பது வருஷத்துக்கும் மேலாக அவர் ஒரு பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர். நிலையத்தின் நடுவில் ஒரு கூண்டு. மூன்று பக்கமும் கம்பி வைத்த ஜன்னல், உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் கடிகாரம். டிரைவரும் கண்டக்டரும் அந்த ஜன்னலில் குனிந்து கையெழுத்து வாங்காமல் வண்டியை எடுக்க முடியாது. ஜன்னலை அவ்வளவு தாழ்வாக வைத்தவன் யாரோ, மனித மனத்தை அறிந்தவன். குனிகிறவனைப் பார்த்துப் பார்த்தே ஒருவர் உயரமாகிவிடலாம். டைம்கீப்பர் அப்படி உயர்ந்தவர். அவர் விசில் அடித்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள். அவர் அனுப்பிய வண்டிகள் எந்தெந்த ஊருக்கோ போயின. அந்த ஊர்களின் பெயர் அவருக்குப் பலகையைப் படித்துத்தான் தெரியும். எதிலும் ஏறிப் போனதில்லை.

கெட்ட மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்டி ஒன்றும் வாங்க மாட்டார், யாரையும் கெட்ட வார்த்தை சொல்ல மாட்டார். நல்லவர் என்றே சொல்லிவிடலாம், சொல்லி முடிக்கும்வரை அவர் பொறுத்திருந்தால். ஓய்வு பெற்ற அன்று நடந்த கூட்டத்தில் நாலு பேர் அவரைப் புகழ்ந்து பேசினார்கள். ஐந்தாவது ஆள் எழுந்ததும், "நேரமாச்சு, போதும்" என்று அவரே கூட்டத்தை முடித்து அனுப்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து அவர் வீட்டில் இருந்தார். கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

அவர் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். புதிதாகத் தைப்பதைவிடப் பழசைப் பிரித்துத் தைப்பதில் அவளுக்குப் பேர் அதிகம். இடுப்பு பிடிக்கிறது, தோள் இறங்குகிறது, கை குட்டையாகிவிட்டது என்று பெண்கள் வருவார்கள். அளவெடுக்கும்போது மனசில் இருப்பதையும் கொட்டுவார்கள். அதற்கெல்லாம் ஒரு நிதானம் வேண்டும். டைம்கீப்பர் கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு இடுப்பு அளக்க இவ்வளவு நேரமா?" என்பார். வந்தவள் வாயை மூடிக்கொள்வாள். அடுப்பில் எது கொதித்தாலும் வந்து நின்று, "இன்னும் ஆகலையா?" என்பார். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே கனைப்பு கேட்கும். பத்து வருஷமாக வந்துகொண்டிருந்த ஒரு வாடிக்கைக்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, உங்க வீட்டுக்கு வந்தாலே பஸ்ஸை விட்டுட்ட மாதிரி இருக்கு." சொன்னவள் அப்புறம் வரவில்லை.

இன்னொரு வாடிக்கைக்காரி கணவனின் கோட்டைப் பெரிதாக்கக் கொண்டுவந்தபோதுதான் அந்தச் சேதி கிடைத்தது. தலைநகரத்துத் தேசிய அருங்காட்சியகத்தின் மாடியில் பழைய உடுப்புகளுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறதாம். கடைசி ராஜா முடிசூட்டிக்கொண்டபோது போட்ட கோட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறதாம். "நீங்க பாத்தா கிறங்கிப் போயிடுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முதல் அது டைம்கீப்பர் மனைவியின் நெஞ்சில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கோட்டின் முன்னால் போய் நிற்க வேண்டும். தன் மனசு போதும் என்று சொல்லும்வரை நிற்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான், ஆனால் அந்த வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. தங்கையைத் தூண்டிவிட்டு, தங்கை மாமாவைத் தூண்டிவிட்டு, ஒருவழியாக இந்தப் பேக்கேஜ் டூரில் பேர் கொடுத்தார்கள்.

டூர் எப்படிப் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டையைப் பார்த்து, "சுவர்தானே, போலாம்" என்றார். ஏரியைப் பார்த்து, "தண்ணிதானே, போலாம்" என்றார். பூந்தோட்டத்தில் உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் ஒன்றாக இருந்ததில் அவருக்குத் திருப்தி. டூர் நடத்திய அம்மா கையில் ஒரு சின்னக் கொடி வைத்திருப்பாள். அதனால் எல்லாரும் அவளைக் கொடிக்காரம்மா என்பார்கள். முதல் இரண்டு நாள் அவள் டைம்கீப்பரை மெச்சினாள். மூன்றாம் நாள் அவளே அவருக்கு முன்னால் நடக்க முடியாமல் தவித்தாள். இன்று கடைசி நாள், கடைசி இடம்.

தரைத்தளக் கூடம் பெரிதாக இருந்தது. இரண்டு பக்கமும் கற்சிலைகள். தரை அப்போதுதான் மெழுகியது போல வழவழவென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தால் மாடியில் நாலு பக்கமும் கைப்பிடிக் கம்பி போட்ட நடை தெரிந்தது. டைம்கீப்பர் நடுவில் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சிலைகளைப் பார்க்காமல் சிலை பார்க்கிறவர்களைப் பார்த்தார். கூட்டம் தாறுமாறாக இருந்தது. சிலர் இந்தப் பக்கம் போனார்கள், சிலர் அந்தப் பக்கம் வந்தார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

சுவரோரம் நாற்காலியில் இருந்த காவலாளி ஒருவன் வெகுநேரமாக நெளிந்துகொண்டிருந்தான். முகமெல்லாம் வேர்வை. கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்ற ஆள் மேல் அவன் கண் விழுந்தது. நேராக வந்தான். ஒரு கை வயிற்றில் இருந்தது.

"சார், நீங்க சர்வீஸ்ல இருந்தவரா?"

"முப்பத்தி ரெண்டு வருஷம்."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது சார். காலைல சாப்பிட்டது சரியில்ல. மாத்திவிட ஆள் இன்னும் வரல. ஒரே அஞ்சு நிமிஷம். யாரும் எதையும் தொடாம பாத்துக்கங்க. இதோ வந்துடறேன்."

தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அவன் ஓடினான். நடக்கவில்லை.

அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டு அறிஞர்கள் கனத்த புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். கடவுள் கொடுத்தது என்பார்கள் சிலர், ஜனங்கள் கொடுத்தது என்பார்கள் சிலர், கத்தி கொடுத்தது என்பார்கள் வேறு சிலர். அன்று அந்தக் கூடத்தில் அது ஒருவனுடைய வயிற்றுப்போக்கிலிருந்து பிறந்தது.

டைம்கீப்பர் நாற்காலியைப் பார்த்தார். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த மறுநொடி முதுகு நிமிர்ந்தது. மனைவியை அவர் மறந்துவிட்டது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது.

தங்கை அவள் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, வா. இந்த வாய்ப்பு இனி கிடைக்காது."

"தேடுவாரேடி."

"அவருக்கு வேலை கிடைச்சிருச்சு. வேலை கிடைச்ச ஆம்பிள எங்க தேடுவான்?"

இரண்டு பேரும் படியேறினார்கள். பாதிப் படியில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தொப்பி இப்போது அவர் தலையில் இருந்தது.

உடுப்புக் கூடத்தில் ஆளே இல்லை. விளக்கு மங்கலாக இருந்தது. கூடத்தின் நடுவில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட பெட்டிக்குள், தலையில்லாத ஒரு பொம்மையின் மேல் அந்தக் கோட்டு நின்றது. கருஞ்சிவப்பு வெல்வெட். மார்பிலிருந்து விளிம்புவரை சரிகையில் கொடி ஓடியது. கீழே ஒரு அட்டையில், ராஜாவின் வீரத்துக்கும் பெருமிதத்துக்கும் சின்னம் என்று எழுதியிருந்தது.

வந்து நின்றதும் அவளுக்கு முதலில் தோன்றியது, "போலாம்" என்பதுதான்.

யாரும் சொல்லவில்லை. தங்கை மூலையிலிருந்த பெஞ்சைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அவர் கீழே இருந்தார். ஆனால் பார்த்தாயிற்று, கோட்டுதானே, போலாம் என்று அவளுக்குள்ளேயே ஒன்று சொன்னது. அவள் கால் அரை அடி நகர்ந்தும்விட்டது. அவளுக்குத் திக்கென்றது. இத்தனை நாளும் வெளியிலிருந்து நெருக்கியவர் எப்போது உள்ளே வந்து குடியேறினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாடகைகூடக் கொடுக்காமல் குடியேறியிருக்கிறார். அவள் நகர்ந்த காலை இழுத்து முன்பிருந்த இடத்திலேயே வைத்தாள். கையைக் கண்ணாடி மேல் படாமல் கட்டிக்கொண்டாள். நின்றாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெல்வெட், சரிகை, பொத்தான். பிறகு அக்குளுக்குக் கீழே கண் போயிற்று. அவள் கண் எப்போதும் அங்கேதான் போகும். இரண்டு பக்கமும் விலாவில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டி வைத்துத் தைத்திருந்தது. வெல்வெட் அதே சிவப்பு மாதிரிதான், ஆனால் அதே சிவப்பு இல்லை. சேர்ந்த இடம் தெரியாமல் இருக்கச் சரிகைக் கொடியில் அங்கே மட்டும் இரண்டு இலை கூடுதலாக முளைத்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஏண்டி, இங்க வாயேன். ராஜா உப்பிட்டாரு."

"எந்த ராஜா?"

"இந்த ராஜாதான். விலாவுல பட்டி வெச்சுப் பெருசாக்கியிருக்கான் தையல்காரன். தெரியக்கூடாதுன்னு எல போட்டு மறைச்சிருக்கான், பாரு."

தங்கை கண்ணாடியருகே வந்து எட்டிப் பார்த்தாள். "நீ காலைல எழுந்தா பாக்கறதே இதுதான. இதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? நான் மாமாவைப் பாத்துட்டு வரேன். அது இதைவிட நல்லாயிருக்கும்."

போனவள் சீக்கிரமே மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"அக்கா, உன் வீட்டுக்காரரு கூட்டத்தையே வரிசையில நிறுத்திட்டாரு. உள்ள வர்றவங்க இடப்பக்கம், வெளிய போறவங்க வலப்பக்கம். ஒவ்வொரு சிலை முன்னாடியும் வாட்சைப் பாத்து, 'ம், ஆச்சு, நகருங்க'ங்கறாரு. எல்லாரும் நகர்றாங்க!"

"ஒருத்தரும் எதிர்த்துப் பேசலையா?"

"எங்க பேசறது? நம்ம பஸ்ல முன் சீட்டுல வர்ற பேங்க்குக்காரர் இருக்காரே, காலைல மாமா பக்கத்துலதான் உக்காந்து டிபன் சாப்பிட்டாரு. அவரும் வரிசையில நிக்கிறாரு. மாமாவைப் பாத்து 'சார்'ங்கறாரு. ஒருத்தர் கையில நோட்டை வெச்சுக்கிட்டு, இது எந்தக் காலத்துச் சிலைன்னு கேட்டாரு. 'எல்லாம் எழுதிப் போட்டிருக்கு, படிச்சிட்டு நகருங்க'ன்னாரு. அந்த ஆள் தேங்க்ஸ் சொல்லிட்டுப் போறாரு!"

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு சிலையின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது நம்மில் யாருக்கும் தெரிவதில்லை. சட்டென்று நகர்ந்தால் ரசனை இல்லாதவன் என்று ஆகிவிடும். நின்றால் கால் வலிக்கிறது. பக்கத்து ஆள் எப்போது நகர்வான் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு யோசனையை மாட்டிக்கொண்டு நிற்கிறோம். யாராவது வந்து "நகருங்க" என்று சொல்லிவிட்டால் அதைப் போல விடுதலை இல்லை. பார்க்கவில்லையே என்ற குறையும் இல்லை, பார்க்கும் பாடும் இல்லை. பார்க்க விடவில்லை என்று ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். டைம்கீப்பர் அந்த ஜனங்களுக்கு அவர்கள் வெகுகாலமாக எதிர்பார்த்திருந்ததைக் கொடுத்தார். அவர்கள் நன்றியோடு வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

"காவலாளி வரலையா?" என்று அக்கா கேட்டாள், கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்காமல்.

"வந்துட்டான்க்கா. தூண் பக்கம் நின்னு எட்டிப் பாத்தான். தன்னைவிட நல்லா நடக்குதுன்னு தெரிஞ்சதும் கான்டீன் பக்கம் போயிட்டான். கையில டீ கிளாஸ்."

"சரி, போ. நான் இன்னும் பாத்து முடிக்கல."

"இன்னுமா? இலை போட்டு மறைச்சதைத்தான் பாத்துட்டியே."

உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. பட்டியின் மேலேயே, வெல்வெட் நசுங்கி ஒரு கோடு தெரிந்தது. ஊசி போன தடம் அது. அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். இந்தப் பக்கமும் அதே கோடு. பெரிதாக்கிய கோட்டைப் பிற்பாடு யாரோ மறுபடி பிடித்துத் தைத்திருக்கிறார்கள். அப்புறம் அதையும் பிரித்திருக்கிறார்கள். ராஜா உப்பியிருக்கிறார், பிறகு இளைத்தும் இருக்கிறார். நோயோ, கவலையோ, நாடு கையை விட்டுப் போனதோ. அட்டையில் அதெல்லாம் ஒன்றும் இல்லை. பிடித்துத் தைத்தபோது எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரிந்தால் எவ்வளவு இளைத்தார் என்று தெரிந்துவிடும். அவள் கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுபோய் விரலால் காற்றிலேயே அளந்தாள்.

அப்போதுதான் கீழே விசில் சத்தம் கேட்டது.

நீளமாக, இரண்டு தரம். பேருந்து நிலையத்தில் கடைசி வண்டிக்கு அடிப்பது போல. ஓய்வு பெற்ற பிறகும் அதை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். கல் கூடத்தில் பட்டு அந்தச் சத்தம் மாடி முழுக்க உருண்டது. தங்கை கைப்பிடிக் கம்பியை நோக்கி ஓடினாள். பிறகு பாதிப் படிவரை இறங்கி நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு ஏறி வந்தாள்.

"போச்சுக்கா. ஒரு பொண்ணு தரையில உக்காந்து சிலையைப் பாத்து வரைஞ்சுக்கிட்டு இருந்திருக்கா. எழுந்திருன்னா எழுந்திருக்கல. 'காலைலேர்ந்து இதே எடத்துலதான் இருக்கேன், இன்னும் மூக்குகூட முடியல'ன்னு சொல்லியிருக்கா. மாமாவுக்கு வந்துச்சு பாரு கோவம், 'மூக்குக்குக் காலைலேர்ந்தா?'ன்னு விசிலை எடுத்து ஊதிட்டாரு. எல்லாக் காவலாளியும் ஓடியாந்துட்டான். பெரிய ஆபீசரம்மாவும் வந்துட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"யார் நீங்கன்னு கேட்டாங்க. 'டைம்கீப்பர்'னு சொன்னாரு. அந்தம்மா ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டாங்க. மேலிடத்துல புதுசா ஒரு போஸ்ட் போட்டு ஆளை அனுப்பிட்டாங்க போலன்னு நெனச்சிட்டாங்க. 'சார், ஆர்டர் காப்பி இருக்கா'ன்னு மரியாதையாக் கேட்டாங்க. மாமா பொய் சொல்லத் தெரியாத ஆளாச்சே. 'நான் டூர்ல வந்தேம்மா'ன்னுட்டாரு. தொப்பியைப் புடுங்கிக்கிட்டு, அந்தப் பக்கம் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

அக்கா பெட்டியின் மறுபக்கம் போனாள். "அடிச்சாங்களா?"

"சே சே. நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்காங்க."

"அப்ப சரி."

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. "டைம்கீப்பர் என்பவருடன் வந்தவர்கள் உடனடியாகத் தரைத்தளத்தில் உள்ள பாதுகாப்பு அறைக்கு வரவும்."

தங்கை அவளைப் பார்த்தாள். "அக்கா, கூப்பிடறாங்க."

"காதுல விழுந்துச்சு."

"போகலையா?"

அவள் பெட்டியருகே இன்னும் ஒட்டி நின்றாள். கால் இரண்டும் தனியாகக் கிளம்பிப் போய்விடும் போலிருந்தது. நாற்பது வருஷமாக அவள் கூப்பிட்ட குரலுக்குப் போகாமல் இருந்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, ஊசியைத் துணியில் குத்திவிட்டு, சோப்பு நுரையோடு, எப்படி இருந்தாலும் போயிருக்கிறாள். இப்போது போய்விட்டால் ராஜா எவ்வளவு இளைத்தார் என்பது சாகும்வரை தெரியப் போவதில்லை. யாருக்கும் ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லாத சங்கதி. அதனால்தான் அதை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

மறுபடி அறிவிப்பு வந்தது. இம்முறை ஆபீசரம்மாவின் குரலில் கெஞ்சல் இருந்தது. மூன்றாம் தரம் கரகரத்தபோது வந்தது அவருடைய குரல். மைக்கையும் அவர் வாங்கிவிட்டிருந்தார்.

"இந்தா. நேரமாச்சு. எங்க இருந்தாலும் உடனே கீழ வா."

கட்டடம் முழுக்க அது கேட்டது. நாணயக் கூடத்திலும் ஓவியக் கூடத்திலும் இருந்த பெண்கள் என்ன, ஏது என்று யோசிக்கவில்லை. பாதிப் பேர் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு படியை நோக்கி நடந்தார்கள். உடுப்புக் கூடத்தின் வாசல் வழியாக அவர்கள் வேகமாகப் போவதை அவள் பார்த்தாள். ஒருத்தி போகிற போக்கிலேயே, "இதோ வரேங்க" என்று பதிலும் சொல்லிக்கொண்டு போனாள்.

அவள் மட்டும் திரும்பிக் கோட்டைப் பார்த்தாள். பட்டியின் முன்னும் பின்னும் இருந்த இரண்டு ஊசித் தடங்களுக்கும் நடுவே காற்றிலேயே விரலை வைத்து நிதானமாக அளந்தாள். ஒரு பக்கத்துக்கு மூன்று விரல். சுற்றளவில் அது கொஞ்சநஞ்சம் இல்லை. வைத்த பட்டியில் முக்கால்வாசியை மறுபடி பிடித்துவிட்டார்கள். பாவம், ஆள் கரைந்துபோயிருப்பார். அவள் மேலும் சற்று நேரம் சும்மா நின்றாள். இப்போது "போலாம்" என்று எதுவும் சொல்லவில்லை. பிறகு, அவளுக்கே போதும் என்று தோன்றியது. தோன்றியபோது, அது எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் தெரியாமலேயே இருந்துவிட்டோமே என்றுதான் நினைத்தாள்.

பாதுகாப்பு அறையில் ஆபீசரம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே டைம்கீப்பர் விறைப்பாக உட்கார்ந்து, காவலாளிகள் எந்த வேளைக்கு எந்தக் கூடத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதித் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். டீ குடித்துவிட்டு வந்த காவலாளி மூலையில் தலைகுனிந்து நின்றான்.

"இவர் உங்க வீட்டுக்காரரா?" என்று ஆபீசரம்மா கேட்டாள்.

"ஆமாம்மா."

"எவ்வளவு நேரமா மைக்குல கூப்பிடறோம்! காது கேக்கலையா உங்களுக்கு?"

"நல்லா கேட்டுச்சு. பாத்து முடிக்க வேண்டியிருந்தது."

டைம்கீப்பர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படத்தான் வாயைத் திறந்தார். ஆனால் ஆபீசரம்மா அதற்குள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "கூட்டிட்டுப் போயிடுங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்று எழுந்துவிட்டாள். கேஸ் இல்லை, அபராதம் இல்லை. அவர் எழுதி முடித்த திருத்தக் காகிதம் மேசையில் இருந்தது. அதை அவள் கிழிக்காமல் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டதைத் தங்கை கவனித்தாள்.

டூர் பஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கொடிக்காரம்மா படியில் நின்று கொடியாலேயே விசிறிக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்களா லேட்டு?" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவள் முயற்சி செய்யவில்லை.

டைம்கீப்பர் வாழ்நாளில் முதல்முறையாகத் தனக்காகக் காத்து நின்றுகொண்டிருந்த வண்டியில் ஏறினார். இரண்டு பக்கமும் இருந்த முகங்கள் அவரைப் பார்த்தன. பேங்க்குக்காரர் வழக்கப்படி, "வாங்க சார்" என்றார். பழக்கம் அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா லேட்டு?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"நான்தான். மாடியில ராஜா கோட்டு பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

"மாடியா? மாடின்னு ஒண்ணு இருந்துச்சா?"

"சிலையே எங்க பாத்தோம்" என்றது இன்னொரு குரல். "யாரோ நிக்கவே விடல." சொன்ன பிறகுதான் அந்தக் குரலுக்கு, யாரோ என்பது யார் என்று உறைத்தது. தங்கை கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. ஊரைத் தாண்டும்வரை டைம்கீப்பர் வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தார். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒரு நிறைவு இருந்தது. அது தன்னால் வந்தது இல்லை என்பதும், தனக்குப் பங்கு வராது என்பதும் அவருக்குப் புரிந்தது. அவர் இரண்டு தரம் கனைத்தார்.

"அந்தக் கோட்டுல அப்படி என்னதான் இருந்துச்சு?"

"சொல்லணும்னா நேரமாகும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"தெரியல."

அவருக்கு இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியே பார்த்தார். முன் சீட்டின் முதுகைப் பார்த்தார். தொண்டையைச் செருமி, இன்னொரு முறை செருமி, கடைசியில் யாருக்கும் கேட்காத குரலில், "சரி, பரவாயில்ல, சொல்லு" என்றார்.

அவள் தூங்கிப்போயிருந்தாள்.